உஷார்! ‘அந்த வயசெல்லாம் தாண்டியாச்சு’ என்று சொல்லும் பெண்களுக்கு

உங்கள் அம்மாவுக்கு என்ன வயது? 50? 58? 63? அவருக்குச் சர்க்கரை பார்த்திருப்பீர்கள். பிரஷர், தைராய்டு, கொழுப்பு, கண்புரை எல்லாம் பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி. பார்த்ததுண்டா?

சுருக்கென்று கோபம் வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. சில வருடங்களுக்கு முன், ஓர் அரசு மருத்துவமனையில், என் பெரியம்மாவுக்கு அந்தப் பரிசோதனையை எழுதிய இளம் பெண் டாக்டரிடம், “யாரைப் பார்த்து என்ன எழுதறீங்க?” என்று குரலை உயர்த்தினேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. பெரியம்மாவின் பக்கம் திரும்பி, “எடுத்துக்கலாமாம்மா?” என்று மட்டும் கேட்டார். பெரியம்மா தலையாட்டினார். என் கோபத்துக்கு அஞ்சி அந்த ஒரு வரியை அவர் அடித்துவிட்டிருந்தால் பெரியம்மா இன்று எங்களோடு இருந்திருக்க மாட்டார்.

இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். “பேரு, ஊரு போடாம எழுது அம்மிணி. ஆனா எழுது” என்றார்.

அன்று அவர் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதற்குள் இரண்டு வருடத்து ரிப்போர்ட்டுகள், தேதிவாரியாக, ரப்பர் பேண்டு போட்டு. அந்தக் கட்டைப் பிறகு ஒருநாள் பிரித்து வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். ராத்திரி பாய் நனைகிற அளவு வியர்க்கிறது என்று போனபோது ‘மெனோபாஸ்’ என்று எழுதியிருந்தது. ஒன்பது கிலோ எடை குறைந்தபோது ‘சுகர் கன்ட்ரோலில் இல்லை’. இடுப்பைச் சுற்றி அக்கி வந்தபோது, முதலில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டு வந்தார். பிறகு காட்டிய டாக்டர் ‘வயசானா வரும்’ என்றார். வாய்க்குள் வெள்ளையாகப் படலம் கட்டியது. பல்செட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று முடிவாயிற்று. சோர்வு, சோர்வு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்து, “இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான் பெரியம்மா” என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கடைசியில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சோதித்ததில் டி.பி. டி.பி. என்று தெரிந்தால் எச்.ஐ.வி.யும் பார்த்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ நடைமுறை. அந்த ஒரு விதி இருந்ததால்தான் அந்தச் சீட்டில் அந்த ஒரு வரி வந்தது. அப்போது அவருடைய ரத்தத்தில் எதிர்ப்புசக்தி தரும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 84. நோயில்லாத ஒருவருக்கு அது 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனாலே ஆபத்துக் கட்டம்.

பெரியம்மாவுக்கு அப்போது 57 வயது. கர்ப்பப்பை எடுத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. பேத்தி பத்தாம் வகுப்பு.

மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் திரையை இழுத்துவிட்டு, “கடைசியா வீட்டுக்காரரோட எப்பம்மா சேர்ந்திருந்தீங்க?” என்று கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார். “அம்மிணி, நீ கொஞ்சம் வெளிய இரு.” வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நாற்பது நிமிடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பெரியம்மாவுக்கு அப்படி ஒரு வாழ்க்கை இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. டாக்டர்களும் நினைக்கவில்லை. மஞ்சப்பையில் இருந்த ஒரு காகிதத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

ஓட்டை இங்கேதான் இருக்கிறது, தோழிகளே. வயதான பெண்ணை எல்லோரும் அம்மாவாக, பாட்டியாகப் பார்க்கிறோம். மனைவியாகப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றில் கிருமி இருந்தது தெரியவந்தது. அன்று இருபது வயதில் இருந்த பெண்ணுக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. அவருடைய தாம்பத்திய வாழ்க்கை முழுவதும் இந்தக் கிருமி ஊரில் இருந்த காலத்திலேயே நடந்திருக்கிறது. ஆனால் அவரிடம் யார் பேசினார்கள்? 2000-களின் தொடக்கத்தில், விழிப்புணர்வு விளம்பரங்களில், புள்ளி ராஜா என்ற கற்பனை ஆளுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவர் சுவராக, பலகை பலகையாகக் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? ஊரே ராஜாவைப் பற்றிப் பேசியது. ராஜா ராத்திரி வீட்டுக்குத் திரும்பியபோது கதவைத் திறந்துவிட்ட பெண்ணுக்கு என்ன ஆகும் என்று ஊர் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. இன்றும் கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு நடக்கிறது. நல்லது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு?

கணக்கெடுப்பும் இதே லட்சணம்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு எச்.ஐ.வி. பற்றித் தெரியுமா, ஆணுறை பற்றித் தெரியுமா என்றெல்லாம் பெண்களிடம் கேட்கிறது. ஆனால் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம் மட்டும். ஐம்பது பிறந்தால் கேள்வியே கிடையாது. இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பெண்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இன்று 25 வயதுப் பெண் கர்ப்பமாகி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், முதல் ரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுகிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய பாதுகாப்பு அது. ஆனால் இந்த ஏற்பாடு பரவலாக வந்ததே 2000-த்துக்குப் பிறகுதான். உங்கள் அம்மாவின் கடைசிப் பிரசவம் எப்போது? 1990? 1995? அப்படியானால் வாழ்நாளில் ஒருமுறைகூட அவருக்கு இந்தப் பரிசோதனை நடந்திராத வாய்ப்பே அதிகம். நம் ஊரில் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனையின் வாசல் கர்ப்பம்தான். பிள்ளைப்பேறு முடிந்ததும் அந்த வாசல் சாத்தப்பட்டுவிடுகிறது.

அடுத்தது ஆணுறை. நம் அம்மாக்களுக்கு அது என்னவாக அறிமுகமானது? சிவப்பு முக்கோணம் போட்ட விளம்பரங்களோடு, நிரோத் என்ற பெயரில், 1968 முதல், பிள்ளை பிறக்காமல் இருப்பதற்கான சாதனமாக. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரும்பாலோருக்கு முப்பது வயதுக்குள் அது முடிந்துவிடுகிறது. ஆபரேஷன் ஆனபிறகு உறை எதற்கு? மாதவிலக்கும் நின்றபிறகு எதற்கு? கர்ப்பப்பையையே எடுத்தபிறகு எதற்கு? இப்படித்தான் முப்பது வருடம் பாதுகாப்பே இல்லாமல் ஓடிவிடுகிறது. உறை தடுப்பது கர்ப்பத்தை மட்டுமல்ல. ஆபரேஷன் எச்.ஐ.வி.யைத் தடுக்காது. சிபிலிஸையும் கொனோரியாவையும் ஹெபடைடிஸ் பி-யையும் தடுக்காது. கர்ப்பப்பை இல்லாத பெண்ணுக்கும் இவை எல்லாம் தொற்றும்.

தொற்றும் என்பது மட்டுமல்ல, வயதாக ஆக எளிதாகத் தொற்றும். இதைத்தான் நான் கத்திச் சொல்ல விரும்புகிறேன். மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து, ஈரப்பசை வற்றிப் போகிறது. அங்கே இயல்பாக இருக்கும் அமிலத்தன்மை கிருமிகளுக்கு ஒரு காவல்; அதுவும் குறைகிறது. அந்த நிலையில் உறவு கொள்ளும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. கிருமிக்கு அந்தக் கீறல் போதும். உறவின்போது வலி, எரிச்சல், பிறகு லேசாக ரத்தக்கசிவு என்றால் ‘வயசாச்சு’ என்று பல்லைக் கடித்துக்கொள்ளாதீர்கள். அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். வறட்சிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது தனியாகப் பார்க்கப்பட வேண்டியது.

பெரியம்மா பிறகொருநாள் மாவு சலித்துக்கொண்டே சொன்னார்: “அஞ்சாறு வருசமா எரிச்சல்தான் அம்மிணி. யாருகிட்டச் சொல்றது? தேங்காண்ணெய் தொட்டுக்குவேன்.”

அவர்கள் உறை பயன்படுத்தியதில்லை. ஆனால் உறை போட்டுக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவும் வீடுகள் எத்தனையோ! தயவுசெய்து வேண்டாம். சாதாரண ஆணுறை ரப்பர் பாலில் செய்தது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெய் எது பட்டாலும் சில நிமிடங்களில் அது பலவீனமாகிக் கிழிந்துபோகும். போட்டும் போடாத கதைதான். மருந்துக் கடையில் தண்ணீர் சார்ந்த ஜெல் என்று கேளுங்கள். அதுதான் உறைக்கு ஏற்றது, வறட்சிக்கும் இதம். டாக்டர் எழுதிக்கொடுக்கும் கிரீம்களிலும் சில எண்ணெய்ப் பசை உள்ளவை. ‘உறையோடு இதைப் போடலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதே மருந்துக் கடையில் இன்னொரு காட்சியையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அறுபதைத் தாண்டியவர் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, பிறகு கவுண்டரில் குனிந்து, காகிதத்தில் மடித்து எதையோ வாங்கிப் போவார். வீரியத்துக்கான அந்த நீல மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாதது. ஆனாலும் கிடைக்கிறது. ஆணின் உடலுக்கு மாத்திரை வந்துவிட்டது. அதே வீட்டில் பெண்ணின் உடல் வற்றி, மெலிந்து, பாதுகாப்புக் குறைந்து நிற்கிறது. அந்த மாத்திரையோடு ஒரு உறையையும் ஒரு ஜெல்லையும் சேர்த்து எடுத்து வைக்கும் கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

‘என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்பீர்கள். இல்லாமலே இருக்கட்டும். பல வருடங்களுக்கு முன்பே அவருக்குத் தொற்றியிருக்கலாம். இந்தக் கிருமி எட்டுப் பத்து வருடம் எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே இருக்கக் கூடியது. எங்கள் வீட்டில் ‘எங்கிருந்து வந்தது’ என்று தேடுவதிலேயே ஆறு மாதம் போயிற்று. பெரியப்பா மஞ்சள் மண்டி வியாபாரமாக ஊர் ஊராகப் போனவர், அவருக்கும் பாசிட்டிவ். ஆறு மாதம் அழுகையும் ஏச்சும் மௌனமும். அதனால் யாருக்கும் ஒரு மாத்திரை அளவு நன்மைகூட விளையவில்லை. கணவரை இழந்து, பிறகு ஒரு துணையைத் தேடிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதில் தப்பேதும் இல்லை. புதிய துணை என்றால் இருவரும் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தெரியும்வரை உறை இல்லாமல் வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்பது.

முப்பது வருடம் குடும்பம் நடத்தியபிறகு திடீரென்று ‘உறை போடுங்க’ என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ‘என்னைச் சந்தேகப்படுறியா?’ இல்லாவிட்டால், ‘நீ எங்க போயிட்டு வந்த?’ ஆகவே சொல்லும் விதம் முக்கியம். அந்த ஆலோசகர் பல பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: “டாக்டரம்மா சொன்னாங்க, எனக்கு உள்ள தோல் மெலிஞ்சு புண்ணாகுதாம். கொஞ்ச நாளைக்கு உறை போட்டுக்கிட்டா நல்லதாம்.” இதில் பொய்யில்லை, யார் மீதும் பழியும் இல்லை. பரிசோதனைக்கு, “ரெண்டு பேருக்கும் சுகர் பாக்கப் போறோம்ல, அங்கயே இதையும் பாத்துருவோம்” என்று சொல்லலாம். இதைக் கேட்டதற்கே கை நீட்டுகிற ஆள் என்றால், அவரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் நீங்கள் மட்டும் தனியாகப் போய்ப் பாருங்கள். அடிக்குப் பயந்தால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

பரிசோதனை அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பலகை இருக்கும். காசு கிடையாது. உங்கள் சம்மதத்தைக் கேட்டபிறகே ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே முடிவு சொல்லிவிடுவார்கள். முதல் சோதனையில் கிருமி இருப்பதாகக் காட்டினால் அதை மட்டும் நம்பிச் சொல்லிவிடுவதில்லை, வேறு கிட்களிலும் பார்த்து உறுதி செய்தபிறகே சொல்வார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தொற்றிய உடனே சோதனையில் தெரியாது. சந்தேகமான உறவு நடந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், இன்று நெகட்டிவ் வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நேற்றோ முந்தாநாளோ நடந்தது, பலவந்தமாக நடந்தது என்றால் காத்திருக்கவே கூடாது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், நேராக அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பாதிப் பேரைத் தடுக்கிறது. 2017-ல் இயற்றி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் ஒன்று இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, ஒருவருடைய நிலையை ஊருக்குச் சொல்லக்கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ வேற்றுமை காட்டக்கூடாது என்று அது சொல்கிறது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை.

பாசிட்டிவ் என்றால்? உயிர் போகிற செய்தி அல்ல அது. இந்தியாவில் 2004 ஏப்ரலிலிருந்து கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது பெரும்பாலோருக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால் உடலுறவின் வழியாக மற்றவருக்குத் தொற்றாது. தட்டு, டம்ளர், கழிப்பறை, கொசு எதனாலும் எப்போதுமே தொற்றாது. பெரியம்மா மூன்று வாரம் பேத்தியைத் தொடாமல் இருந்தார். தலை பின்னிவிடக்கூட மறுத்தார். அந்தப் பிள்ளை எதற்கென்று தெரியாமல் ஒற்றைக் குதிரைவாலோடு பள்ளிக்கூடம் போனாள். யாராவது முதல் நாளே அழுத்திச் சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் வயதான உடலில் சில விஷயங்களில் கவனம் அதிகம் வேண்டும். தாமதமாகக் கண்டுபிடித்தால் எதிர்ப்புசக்தி மீண்டு வருவது இளையவர்களைவிட மெதுவாகவே நடக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் ஏ.ஆர்.டி. மைய டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இப்போது தரும் டோலுடெக்ராவிர் மருந்து ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவைக் கூட்டிவிடும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதோடு வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டாலும், நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட்டை அதோடு எப்படிச் சேர்த்துப் போட்டாலும் எச்.ஐ.வி. மருந்து சரியாக உடலில் சேராது. எவ்வளவு நேரம் இடைவெளி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாத எடைக்குறைவு, விடாத காய்ச்சல், ராத்திரி வியர்வை, அக்கி, வாய்ப் படலம், திரும்பத் திரும்ப வெள்ளைப்படுதல் என்று ஒரு பாட்டி உங்கள் முன்னால் உட்கார்ந்தால், அவர் நெற்றியின் விபூதியையும் நரைத்த கொண்டையையும் பார்த்து அந்த ஒரு வரியை எழுதாமல் விடாதீர்கள். கூட வந்த என்னைப் போன்றவர்கள் கத்தத்தான் செய்வோம். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் கேளுங்கள்.

பெரியம்மாவின் சி.டி.4 போன முறை 410. கிருமி கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. பெரியப்பாவுக்கும் அப்படியே. இருவரும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுகிறார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு, சீரியல் முடிந்ததும். போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா தனக்கும் எரிச்சலாக இருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். பெரியம்மா தன் கதையைச் சொல்லவில்லை. “என்ன பரிசோதனைன்னு சொல்லிட்டேன் அம்மிணி, மறைக்கல. ரெண்டு நாள் யோசிச்சா. மூணாம் நாள் அவளே வந்து, போலாமாக்கான்னா” என்றார். பஸ் ஏறிப் போய், நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்து, மதியத்துக்குள் ரிசல்ட் வாங்கிவிட்டார்கள். நெகட்டிவ். வறட்சிக்குத் தனியாக மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு இளநீர் குடித்தார்களாம்; காசு அந்த அக்காதான் கொடுத்தாராம்.